பாலத்தில் தொங்கியவள்

அலுவலகத்தில் அவருக்குப் பெருவிரல் என்று பெயர். வீடியோ கேம் தயாரிக்கும் அந்த இடத்தில் ஒருவர் கதை எழுதுவார், ஒருத்தி முகங்களை வரைவாள், இன்னொருவர் வெடிச்சத்தம் போடுவார். பெருவிரலின் வேலை இவற்றையெல்லாம்விட மகத்தானது. கதை சினிமா மாதிரி ஓடும்போது திரையின் அடியில் திடீரென்று ஒரு பட்டனின் படம் மின்னும். கண் மூடித் திறப்பதற்குள் கையிலுள்ள பட்டனை அழுத்தினால் நாயகன் பிழைப்பான், தவறினால் பரலோகம். அந்த மின்னல் எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று முடிவு செய்பவர் அவர்தான். எமதர்மன்கூட ஏட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் உயிரை எடுக்கிறான். பெருவிரலுக்கு அந்தச் சிரமமும் கிடையாது.

விளையாடிப் பார்க்க வந்தவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அவர் மட்டும் கொட்டாவி விட்டுக்கொண்டே பிழைத்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அவர்களையே குறை சொன்னார்.

வினை பாலத்துக் காட்சியில் வந்தது. உடைந்த பாலத்தில் ஒரு பெண் தொங்குவாள். நாயகன் பாய்ந்து அவள் கையைப் பிடிக்க வேண்டும். அவரைத் தவிர ஒருவராலும் முடியவில்லை.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வெளியாள் ஒருத்தராவது அவளைக் காப்பாத்தணும்," என்றார் முதலாளி. "இல்லேன்னா அந்தப் பட்டனைத் தூக்கிடுவேன். நீங்களும் மெனு பக்கம் போயிடுங்க."

மெனு பக்கம் என்றால் 'தொடங்கு', 'வெளியேறு' என்ற சொற்களைத் திரையின் நடுவில் நிறுத்தும் வேலை. எமனை வாசலில் செருப்புக்குக் காவல் வைத்த மாதிரிதான்.

வெளியாளுக்கு அவர் எங்கே போவார்? மனைவியைத்தான் பிடித்தார். மருந்துக்கடையில் பில் போடுகிறவள்; விரல் பறக்கும். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவளை விடாமல், அவர் "இப்ப!" என்று கத்த, அவள் மேசையைத் தட்ட, பயிற்சி ஓகோவென்று நடந்தது. சோறு ஆறிப்போனது.

அலுவலகத்தில் அவளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். "படத்தைப் பாக்காத. கீழ நடுவுல மட்டும் பாரு."

"அப்ப கதை எதுக்கு?"

"அது மத்தவங்களுக்கு."

பாலம் முறிந்தது. தொங்கியவள் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். பட்டன் மின்னி மறைந்தது. மனைவி அசையவில்லை. பெண் விழுந்தாள். மறுபடி ஓடவிட்டார்கள், மறுபடியும் விழுந்தாள்.

பெருவிரலுக்கு ரத்தம் கொதித்தது. "என்ன ஆச்சு உனக்கு? வீட்டுல நல்லாத்தானே தட்டின!"

"அந்தத் தொங்குறவ யாருங்க?"

"யாரோ ஒருத்தி. அதுவா இப்ப முக்கியம்?"

முகம் வரைகிறவள் பக்கத்து மேசையிலிருந்து தயங்கி எழுந்தாள். "சார், அது இந்த அக்காதான். போன வருஷம் இதே நாற்காலியில உக்கார வச்சு அவங்க முகத்தைத்தான் வரைஞ்சேன்."

"அன்னைக்கு ராத்திரியே உங்ககிட்ட சொன்னேன்," என்றாள் மனைவி. "ம்னு சொன்னீங்க."

அறை முழுவதும் அவரையே பார்த்தது. மனிதரை அவமானம் பிடுங்கித் தின்றது. விரலையாவது காட்டி மானத்தைக் காப்பாற்றலாம் என்று தாமே விளையாட உட்கார்ந்தார். பாலம் முறிந்தது. பல மாதங்களாகக் கீழேயே குத்திட்டிருந்த கண் முதல்முறையாக மேலே போனது. இடது புருவத்தின் ஓரத்தில் மச்சம். பயந்தால் கீழுதட்டைக் கடிக்கும் அதே பழக்கம். இத்தனை காலமும் இவளைக் காப்பாற்றிக் காப்பாற்றி, யாரென்றே பார்க்காமல் இருந்திருக்கிறார்! பட்டன் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அவள் விழுந்தாள்.

"அட, நீங்களுமா?" என்றார் முதலாளி. "சரி, இன்னும் நேரம் இருக்கு. வேற யாரையாவது கூட்டிட்டு வாங்க."

"வேண்டாம் சார். பட்டனை எடுத்துடுங்க," என்றார் பெருவிரல். "நாயகன் தானாவே பிடிச்சுக்கட்டும். விளையாடுறவங்க அவ முகத்தைப் பாக்கட்டும்."

"அப்ப நீங்க மெனுவுக்கு?"

"போறேன் சார்."

வீட்டுக்கு நடக்கும்போது மருந்துக்கடைச் சண்டை ஒன்றை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். நடைபாதை முடிந்தது தெரியாமல் கால் பிசகி நடுத்தெருவில் விழுந்தார்.

அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். "கொஞ்சம் கீழயும் பாருங்க," என்றாள்.