மியெஷ்கோ வேஷமும் மாவட்ட எல்லையும்

என் சித்தப்பா ஞானப்பிரகாசத்தின் அகதி விண்ணப்பத்துக்கு 2003 இலும் முடிவு வரவில்லை. ஜெர்மனியில், பிராங்பேர்ட்டுக்கு வடக்கே ஓர் அகதி விடுதியில் இருந்தார். முடிவு வரும்வரை அனுமதியில்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. ஒருமுறை கலியாணவீட்டுக்குப் போய்ப் பிடிபட்டிருந்தார். இனிப் பிடிபட்டால் சிறை என்றார்கள்.

ஊரில், குருநகரில் கூத்து ஆடியவர் அவர். எங்கள் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் போலந்துக்காரரின் பூசை நடக்கும். அவர்களில் ஹென்ரிக் என்பவர் சித்தப்பாவின் குரலைக் கேட்டுவிட்டு, தங்கள் நாடகத்தில் இவர்தான் மியெஷ்கோ என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆயிரம் வருடங்களுக்கு முன் சிதறிக் கிடந்த குலங்களைச் சேர்த்து ஆண்டு, ஞானஸ்நானம் பெற்ற இளவரசன் மியெஷ்கோ. போலந்து அன்றுதான் பிறந்தது என்பார்கள். சித்தப்பா போலிஷ் வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கினார்.

கடைசி நேரத்தில் நாடகம் பக்கத்து ஊருக்கு மாறியது. அது அடுத்த மாவட்டம்.

"ஏலாது எண்டு சொல்லுங்கோ சித்தப்பா."

"நாட்டை உண்டாக்கின ராசாவைப் பக்கத்து ஊருக்கு விடமாட்டாங்களாம் எண்டு சொல்லுறதோ? வெக்கமடி."

எல்லை விஷயத்தை ஹென்ரிக்கிடம் சொல்லாமலே அவருடைய வான் வண்டியில் போனோம்.

ஞானஸ்நானக் காட்சியில் முழந்தாளிட்டபோதுதான் சித்தப்பா முன்வரிசையில் பொலிஸ் சீருடையைக் கண்டார். உடல் நடுங்கியது. புதிய கடவுளுக்கு இளவரசன் அஞ்சுகிறான் என்று நினைத்துச் சனம் கண்ணீர் விட்டது.

நாடகம் முடிய, அந்தப் பொலிஸ்காரர் வந்து ஹென்ரிக்கைக் கட்டிக்கொண்டார். அவருடைய தாய் போலந்துக்காரியாம்.

"நம் இளவரசர் எந்த ஊர்?"

ஹென்ரிக் விடுதி இருக்கும் ஊரைச் சொன்னார்.

"என் வழிதான். நானே கொண்டுபோய் விடுகிறேன்."

"பொலிஸ் வண்டியில் அரச பவனி!" ஹென்ரிக் சித்தப்பாவின் முதுகில் தட்டிச் சிரித்தார்.

சித்தப்பா கழிவறைக்கென்று போய்ப் பின்கதவால் வெளியேறினார். நான் பின்னால் ஓடினேன்.

"பஸ்ஸிலை போவமே?"

"அங்கையும் அனுமதிப் பாஸ் கேப்பாங்கள். வயலுக்காலை வா."

பீட்ரூட் வயலில் முடியோடும் சிவப்பு அங்கியோடும் நடந்தார். வீதியில் ஒரு வண்டி மெதுவாக வந்தது. "படு" என்றார். என்னிடம் ஜெர்மன் பாஸ்போர்ட் இருந்தது. நானும் ஈரமண்ணில் முகம் புதைத்துப் படுத்தேன்.

"மியெஷ்கோ! மியெஷ்கோ!" ஹென்ரிக்கின் குரல். ஆனால் அவர் தன் வானில்தான் வந்தாரா, பொலிஸ் வண்டியிலா? தலை தூக்கிப் பார்க்க எங்களுக்குத் துணிவில்லை. சத்தம் தேய்ந்து போனது.

அடுத்த நாள் இரவு நான் சித்தப்பாவின் அறையில் இருந்தபோது ஹென்ரிக் விடுதிக்கு வந்து கதவைத் தட்டினார். சித்தப்பா விளக்கை அணைத்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்.

"அவர் தனியத்தான் வந்திருக்கிறார், சித்தப்பா."

"உனக்கெப்பிடித் தெரியும்?" என்றார் மெல்ல.

கதவைத் திறக்கவில்லை.