கட்டடம் தெரியாத இடம்

என் அக்கா புருஷனுக்கு நாங்கள் வைத்த பெயர் உத்தமர். மரியாதைக்கு வைத்ததில்லை, வயிற்றெரிச்சலில் வைத்தது. விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் படம் எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுப்பது அவர் வேலை. மற்றவர்கள் அனுப்பும் படங்களில் எது நிஜம், எது ஜோடனை என்று பார்த்துச் சொல்வதும் அதே வேலைதான். என் வீட்டுக்காரர் ஒரு முறை எங்கள் வீட்டு கேட்டிலேயே காரை இடித்துவிட்டு, லாரி இடித்ததாக எழுதிக் கொடுத்தார். அத்தான் படத்தைப் பார்த்தார். "லாரியில பச்சைப் பெயின்ட் அடிச்ச கம்பி ஏது சகல? உங்க கேட்லதான் இருக்கு" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சொந்தச் சகலை என்று ஒரு இரக்கம் வேண்டாமா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த மனிதர்தான் முன்பின் தெரியாத பெரிய நகரத்தில், பொய்ப் படம் எடுக்க இடம் தேடி அலைந்தார்.

அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. இந்த நகரத்து ஆஸ்பத்திரியில்தான் மாற்ற முடியும், தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதே சமயம் ஊரில் அவள் மகள் ஏழு மாத வயிற்றோடு அக்கா வீட்டிலேயே படுக்கையில் இருந்தாள், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒன்று கலைந்துபோயிருந்ததால், எழுந்து நடமாடக் கூடாது, மனசு பதறக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று காதில் விழுந்தால் அடுத்த வண்டியில் ஏறிவிடுவாள். அவ்வளவு பிடிவாதக்காரி, அம்மாவைப் போலவே.

"சுத்திப் பார்க்கப் போறோம்னு சொல்லிடலாம். தெனம் ரெண்டு படம் அனுப்பினா நம்பிடுவா" என்றாள் அக்கா.

"எனக்குப் பொய் வராது" என்றார் அத்தான்.

"நீங்க வாயத் தொறக்க வேணாம். படம் மட்டும் எடுங்க."

அட்மிஷனுக்கு முந்தைய நாள் ஒரே பகலில் ஒரு வாரத்துப் படங்களையும் எடுத்து முடிப்பது என்று திட்டம். துணைக்கு நானும் வந்திருந்தேன். பையில் அக்காவின் புடவைகள், இரண்டு சால்வை, ஒரு குடை. ஆஸ்பத்திரிப் பக்கமே சுற்ற வேண்டியிருந்தது, அக்காவால் அதிக தூரம் போக முடியாது. அங்கேதான் தலைவலி. அந்த ஆஸ்பத்திரி நகரத்திலேயே உயரமான கட்டடங்களில் ஒன்று. உச்சியில் சிவப்புக் கூட்டல் குறி. பாலத்துக்குப் போனால் அக்காவின் தலைக்குப் பின்னால் அது நின்றது. பூங்காவில் கல்குதிரைச் சிலை பக்கம் போனால் குதிரையின் காதுக்கு மேல் எட்டிப் பார்த்தது.

"கொஞ்சம் குனிஞ்சு எடுங்க, மறைஞ்சிடும்" என்றேன்.

"குனிஞ்சா குதிரை வயிறுதான் தெரியும்." கடைசியில் சிலைக்கு மறுபக்கம் போய், கட்டடம் விழாமல் எடுத்தார்.

மியூசியத்துக்கு டிக்கெட் வாங்காமல் வாசல் தூண் பக்கத்தில் ஒரு படம். பெரிய ஹோட்டல் ஒன்றின் செயற்கை அருவி முன்னால் ஒன்று. காவலாளி வந்து விரட்டுவதற்குள் எடுத்துவிட்டோம். ஒரு பெரிய கடையின் மாடியில், பெண்கள் கழிப்பறையில் அக்காவுக்கு நான் புடவை மாற்றிவிட்டேன். மூன்றாவது புடவைக்கு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலமாகியிருந்தது.

வெளியே வந்து அத்தானிடம் எரிந்து விழுந்தேன். "ஆபரேஷன் வரைக்கும் கூட இவளை விட்டு வைக்க மாட்டீங்க போல."

அவரோ, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காலையில எடுத்தது, சாயங்காலம் எடுத்தது எல்லாம் கலந்து இருக்கணும். இல்லன்னா ஒரே நாள்ல எடுத்ததுன்னு தெரிஞ்சிடும்" என்றார். பொய் வராதாம்!

அக்கா சிரித்தாள். உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, உதட்டுச் சாயத்தை அழுத்திப் பூசிக்கொண்டு மறுபடி எழுந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து இவர்கள் இரண்டு பேரும் எங்கேயும் சுற்றிப் பார்க்கப் போனதில்லை. அன்றைக்கு அந்த வலியிலும் அவளுக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது என்றுதான் எனக்குப் பட்டது.

படங்களை மகள் நம்பினாள். 'அம்மா, நீ ஹீரோயின் மாதிரி இருக்க' என்று பதில் போட்டாள். ஆனால் அக்காவுக்கு ரத்த அழுத்தம் இறங்காமல் ஆபரேஷன் தள்ளித் தள்ளிப் போனதில், சேர்த்து வைத்த படமெல்லாம் தீர்ந்துபோனது. ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, அக்கா இன்னும் கண் திறக்கவில்லை. சிலருக்கு மயக்கம் தெளிய நேரமாகும், பார்ப்போம் என்றார் டாக்டர். அந்த 'பார்ப்போம்' எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மகளிடமிருந்து செய்தி வந்தது. 'இன்னிக்குப் படம் எங்க?'

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவின் பையைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"முடியாது. அவ உள்ள கெடக்கறா, அவ புடவைய நான் கட்டிக்கிட்டு நிக்கறதா?" என்றேன்.

"முதுகுப் பக்கம்தான் எடுப்பேன். நீங்க ரெண்டு பேரும் ஒரே உசரம்."

கட்டிக்கொண்டேன். புடவையில் அவள் வாசனை இருந்தது. ஆஸ்பத்திரிப் பின்வாசல் வழியாக வெளியே வந்தோம். கூப்பிட்டால் ஓடி வர வேண்டும், அதனால் தூரம் போக முடியாது. முதல் தெருவில் குறுக்கும் நெடுக்குமாக ஒயர்கள். அடுத்த தெருவில் வரிசையாக மருந்துக் கடைகள். அத்தான் பத்தடிக்கு ஒரு முறை திரும்பி அந்தச் சிவப்புக் குறியைப் பார்த்தார். ரயில்வே சுவரை ஒட்டிப் போனபோது மஞ்சள் பூ மரங்கள் வரிசையாக வந்தன. அடர்த்தியான மரங்கள். அண்ணாந்து பார்த்தேன். கட்டடம் தெரியவில்லை.

"இங்கதான். பூவைப் பார்க்கற மாதிரி நில்லு" என்றார்.

நின்றேன். அவர் போன் அடித்தது. இரண்டு பேருக்கும் உயிர் போய் வந்தது. மருந்துப் பிரிவிலிருந்து, பழைய சீட்டைத் திருப்பித் தரச் சொன்னார்கள்.

மறுபடி நின்றேன். "தோளைத் தளர்த்து. அவ இப்படி வெரப்பா நிக்க மாட்டா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். தோள் தானாகக் கீழே இறங்கியது.

"இப்ப சரி" என்று எடுத்துவிட்டார். அந்த நிமிஷம் அந்த மனிதரை அறையலாம் போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் போனைப் பார்க்கவில்லை, மரங்களுக்கு மேலே கட்டடம் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தை அனுப்பிவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி, தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவு முன்னால் உட்கார்ந்தோம். பதில் வந்தது. 'சூப்பர் இடம். அம்மாவ நல்லா சுத்திக் காட்டுங்க. நான் நல்லா சாப்பிட்டுப் படுத்திருக்கேன்.' கூடவே ஒரு படம். வீட்டுக் கட்டிலில் சாய்ந்து, கையில் தட்டோடு சிரிக்கிறாள்.

"அப்பாடா" என்றேன்.

அத்தான் 'அப்பாடா' சொல்லவில்லை. விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இந்த மனிதருக்குச் சொந்தப் பிள்ளையின் படத்தையும் விட மனசு வராதா என்று நினைத்தேன்.

"ஜன்னலைப் பாரு. நாம கெளம்பறதுக்கு முந்தின நாள் நான் புதுத் திரை மாட்டினேன், நீலத்துல. இதுல பழைய பூப்போட்ட திரை இருக்கு."

"அதனால என்ன?"

"இது இன்னிக்கு எடுத்த படம் இல்ல. பழசு." அவர் முகம் வெளிறிவிட்டது. "வீட்ல இருக்கறவ எதுக்குப் பழைய படம் அனுப்பணும்?"

மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். நானும் காதை ஒட்டி வைத்துக்கொண்டேன்.

"அவ எங்க மாப்ள?"

"வீட்லதான் மாமா, தூங்கறா..."

"மாப்ள."

அந்த ஒரு சொல்லில் மாப்பிள்ளை உடைந்துபோனார். வலி முன்னாலேயே வந்துவிட்டது. நேற்றுக் காலையில் அறுத்துத்தான் எடுத்தார்கள். ஆண் குழந்தை. ஒரு உள்ளங்கை அகலம்தான் இருக்கிறதாம், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தேறிவிடும் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

"எங்கள ஏன் கூப்பிடல?"

"அவதான் மாமா கூடாதுன்னுட்டா. எங்கம்மா வாழ்க்கையில மொத தடவையா சிரிச்சுக்கிட்டு ஊர் சுத்தறாங்க, படத்துல பாரு, அதக் கெடுக்காதேன்னு சத்தியம் வாங்கிட்டா. நேத்து ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போறப்பக்கூட அந்தக் குதிரை படத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தா."

நாங்கள் எவ்வளவு நன்றாகப் பொய் சொல்லியிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. பெற்றவளைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் அந்தப் பெண் கூப்பிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள், எங்கள் படங்களைப் பார்த்துக்கொண்டு.

போன் கை மாறியது. "அப்பா" என்று மகளின் குரல், காற்று மாதிரி. "தெரிஞ்சிடுச்சா? பரவால்ல, நீங்க அங்கயே இருங்க. அம்மாகிட்ட குடுங்க. ஒரு நிமிஷம் பேசணும்."

நான் கையை ஆட்டினேன். குளிக்கிறாள் என்று சொல்லுங்கள், கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள், ஏதாவது சொல்லுங்கள். வயிற்றில் தையலோடு இருப்பவள். அத்தான் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார்.

"அம்மாவுக்கு ஹார்ட்ல ஆபரேஷன் பண்ணியிருக்கும்மா. நேத்து. இன்னும் கண்ணு தொறக்கல" என்றார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து அவள் மெதுவாகப் பேசினாள்.

"நான் இப்ப வீல் சேர்ல உக்காந்திருக்கேன்பா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாப்பா. நெஞ்சு மேலயும் கீழயும் போயிட்டு வருது. அதையே பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நானும் ஒரு கண்ணாடிக் கதவுக்கு வெளியதாம்மா உக்காந்திருக்கேன்" என்றார் அத்தான்.

பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. அவள் மூச்சு அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது, அவர் மூச்சு அவளுக்கு. சார்ஜ் குறைந்தபோது, அந்த வராந்தாவில் யாரையோ கெஞ்சி நான் ஒரு ஒயர் வாங்கி வந்து சொருகினேன்.

மதியச் சாப்பாட்டு வண்டி போன பிறகு நர்ஸ் கதவைத் திறந்தார். "கண்ணு தொறந்துட்டாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டா பார்க்கறாங்க. ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க."

அத்தான் போனை என் கையில் திணித்துவிட்டு, செருப்பைக் கழற்றவும் மறந்து உள்ளே ஓடினார்.

"அம்மா முழிச்சிட்டாடி! கேட்டுச்சா? முழிச்சிட்டா!" என்று கத்தினேன்.

"நெஜமா சித்தி?"

"சத்தியமா."



"நீங்க சொன்னா நான் நம்ப மாட்டேன் சித்தி. அப்பா வெளிய வந்து சொல்லட்டும். நான் லைன்லயே இருக்கேன்."

கோபம் வரவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றேன்.