கஞ்சி போட்ட கைக்குட்டை

நியூ ஆர்லியன்ஸின் ட்ரெமே பகுதியில் சாகிறவர்களுக்கு ஒரு நிம்மதி உண்டு: தியோஃபில் கஸ்னாவ் வந்து டிரம் வாசிப்பார். முப்பது வருஷமாக, சாவு ஊர்வலங்களில் வாசிக்கும் ஜாஸ் குழுவின் தலைவர். கேட்டுக் கேட்டு, அந்தத் தெருப் பெண்கள் வெங்காயம் நறுக்குவதும், கோபத்தில் கதவை அறைந்து சாத்துவதும்கூட அவர் தாளத்தில்தான்.

அவருடைய பெருமையெல்லாம் ஒரு கைக்குட்டையில் இருந்தது. கல்லறைக்குப் போகும்போது அதை டிரம்மின் அடித்தோலுக்கும், அதில் உரசிச் சடசடக்கும் கம்பிகளுக்கும் நடுவே செருகுவார். சத்தம் அடங்கி, தூரத்தில் யாரோ நெஞ்சில் குத்திக்கொள்வதுபோல் கேட்கும். அடக்கம் முடிந்ததும் உருவிவிடுவார். டிரம் சடசடக்கும், ஜனம் குடையை விரித்து ஆடிக்கொண்டே வீடு திரும்பும். இருபது வருஷமாக அந்தக் கைக்குட்டை தண்ணீரைக் கண்டதில்லை.

ஒலிம்ப் பிக்கூவின் கணவர் இறந்த நான்காம் நாள், அடக்கத்துக்கு முன்னால் அவள் தியோஃபிலைத் தனியே இழுத்தாள்.

"தியோ, எனக்கு ஒரு சொட்டு அழுகை வரல. நான்தான் அந்தாளுக்கு விஷம் வச்சேன்னு தெருவுல பேசுறாங்க."

"கவலப்படாதீங்க மதாம். என் டிரம்மைக் கேட்டுட்டு, சிப்பிக்கடை முனையை அழாம தாண்டின விதவை இன்னும் பொறக்கல."

சவ வண்டி நகர்ந்தது. தியோஃபில் முதல் அடி அடித்தார். டிரம் சடசடவென்று சிரித்தது. குனிந்து பார்த்தார். அவசரத்தில் பார்க்காமலே செருகிய கைக்குட்டை வெள்ளை வெளேரென்று, கம்பிகளில் படியாமல் பலகை மாதிரி விறைத்து நின்றது.

நடைபாதையில் புதுத் தொப்பியோடு வந்த மனைவி ஒடீலை முறைத்தார். "என்னடி பண்ணித் தொலச்ச?"

"நாத்தம் தாங்கல. தொவச்சு, கஞ்சி போட்டேன். நாலு பேர் பாக்குற எடமாச்சே!"

அதற்குள் குடைகள் விரிந்துவிட்டன. பிணம் புதைபடுமுன்பே ஊர் ஆடத் தொடங்கியது. டிராம்போன்காரன் நார்சிஸ் பதறினான்.

"தலைவரே, நாம போறோமா, திரும்பி வர்றோமா?"

"ஊதுடா! பேசாத!"

கம்பியைத் தளர்த்திச் சத்தத்தை அடக்கும் திருகு என்றோ துருப்பிடித்துவிட்டது. அவர் கண்ணெதிரே நூறு பேர் கையில் நூறு கைக்குட்டைகள் ஆடின. ஒன்றைக் கேட்டு வாங்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

சிப்பிக்கடை முனை வந்தது. ஒலிம்பின் தோள்கள் குலுங்கின. அப்பாடா என்று தியோஃபில் நிமிர்ந்தார். அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுப் பாவி மனுஷன்! எந்தச் சாவுக்குப் போனாலும் போற வழியிலயே ஆடுவான், தியோ. கையப் புடிச்சு இழுத்து நிறுத்துவேன். இன்னிக்கு யாரைப் புடிக்க..."

சிரிப்பு பாதியில் உடைந்தது. அவள் ஓவென்று அழுதாள். சந்தேகப்பட்ட அத்தனை பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நனைந்த தன் கைக்குட்டையை அவளே டிரம்மின் அடியில் திணித்தாள்.

"இத வை. ஈரமா இருக்கு."

டிரம் அடங்கியது. குடைகள் ஒவ்வொன்றாக மடங்கின.

விஷப் பேச்சு அன்றோடு ஒழிந்தது. ஆனால் மறுவாரமே இரண்டு டிரம்காரர்கள் ஒடீலிடம் கஞ்சியின் பக்குவம் கேட்டு வந்தார்கள். அது ஏதோ புது வித்தை என்று நினைப்பு. அவர்கள் பின்னாலேயே ஒலிம்பும் மூச்சிரைக்க வந்தாள்.

"என் கைக்குட்டை எங்க?"

"ஒடீல் தொவைக்க எடுத்து வச்சிருக்கா மதாம்."

"ஐயையோ, தொவச்சிராதீங்க! நாளைக்கு மறுபடி யாராச்சும் பேசினா, நான் அழுததுக்கு அது ஒண்ணுதான் சாட்சி."