மலை நிழலில் ஒரு மேடை

பரிசுப் பயணம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அவள் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள். கம்பெனிக்கு நன்றாக விற்றுக் கொடுத்த கடைக்காரர்களை, கம்பெனியே தன் செலவில் மனைவியோடு வெளிநாடு அழைத்துப் போவது. போன இடத்தில் ஒரு நாள் கூட்டம், மற்ற நாளெல்லாம் சுற்றல். இதில் உனக்கு என்ன வேலை என்று அடுத்த கேள்வி வரும். எங்கே போவது என்று முடிவு செய்வதும், போன இடத்தில் யாரும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்வதும் என்பாள். கேட்டவர்கள், கொடுத்து வைத்தவள் என்று பெருமூச்சு விடுவார்கள். ஒவ்வொரு ஹோட்டலாகப் போய்க் கழிப்பறைக் குழாயைத் திறந்து பார்ப்பதுதான் அந்தக் கொடுப்பினை என்று அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது அவள் வேலை பார்த்த பயண நிறுவனம். முதல் மாடியில் டிக்கெட் கவுன்டர். அங்கேதான் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் மாடியில் ஜன்னலோரம் ஒரு மேசை போட்டு, "இனிமே கம்பெனி மாநாடெல்லாம் நீ பாரும்மா" என்று முதலாளி சொன்ன நாளில் வீட்டுக்குப் போய்க் கணவனிடம் மூன்று தடவை அதையே சொன்னாள். மூன்றாம் தடவை அவன், "மேசை புதுசா பழசா?" என்று கேட்டான். பழசுதான். ஒரு கால் ஆடும்.

ஆனால் வந்த மாநாடுகள் ஒவ்வொன்றாகக் கை நழுவிப் போயின. ஒன்றைப் பெரிய நிறுவனம் கொத்திக்கொண்டு போனது. இன்னொன்றில் வாடிக்கையாளரே மனம் மாறிவிட்டார். கடைசியில் ஒரு பெயின்ட் கம்பெனி வந்தது. அரபு நாட்டுக்குப் போக வேண்டும், எந்த ஊர் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். முதலாளி அவளைக் கூப்பிட்டு, இதுவும் போனால் மேல்மாடியை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று இருக்கிறேன், நீ பழையபடி கவுன்டருக்கு வந்துவிடு என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதுதான் அவளுக்கு அதிகமாக உறைத்தது.

பெயின்ட் கம்பெனியின் விற்பனை மேலாளரோடு இரண்டு ஊர்களைப் பார்க்கப் புறப்பட்டாள். மேலாளர் நல்ல உயரம், நல்ல குரல், எதற்கும் சிரிக்கிற மனிதர். முதல் ஊர் வானத்தைத் தொடும் கட்டடங்களின் நகரம். அவர் அண்ணாந்து பார்த்தபடியே நடந்தார். ஹோட்டல்காரர்கள் காட்டிய அரங்கத்தில் ஒரு விமானத்தையே நிறுத்திவிடலாம். அவள் வழக்கம்போல மேடைப் பக்கம் போகாமல் நேராகக் கடைசி வரிசைக்குப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அலுவலகத்தில் அவளுக்குக் "கடைசி வரிசை" என்றே பட்டப்பெயர். எந்த இடத்தையும் அங்கிருந்துதான் பார்ப்பாள்.

அரங்கத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அரங்கம் ஒரு பக்கம், அறைகள் ஒரு பக்கம், விருந்து இன்னொரு பக்கம். இடையில் பஸ் நகராமல் நின்ற நேரம்தான் அதிகம். பாதிப் பயணம் பஸ்ஸிலேயே போய்விடுமே சார் என்றாள். பாட்டுப் போட்டுவிட்டால் போச்சு என்றார் மேலாளர். பிறகு அவரே சொன்னார்.

"இந்த ஊர் பேரைச் சொன்னாலே போதும் மேடம். எங்க கடைக்காரங்க இன்னைக்கே பெட்டியைத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க."

இரண்டாவது ஊர்தான் அவள் மனதில் இருந்தது. மொட்டை மலைகளுக்கு நடுவே காரில் போய் இறங்கினால் ஒரு சின்னத் துறைமுக ஊர். மேற்கே கடல். கிழக்கே ஹோட்டலின் முதுகில் சாய்ந்தாற்போல் செங்குத்தாக ஒரு மலை. அறையிலிருந்து கூட்ட அறைக்கும், அங்கிருந்து மணலுக்கும் செருப்பில்லாமல் நடந்து போகலாம். சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில் மணலில் மேடை போட்டு, ஒவ்வொரு கடைக்காரரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கம்பெனி முதலாளி கையால் விருது கொடுக்க வேண்டும். திட்டத்தின் முதல் பக்கத்தில் அந்தக் காட்சியைத்தான் அவள் போட்டிருந்தாள்.

அன்று மாலையே ஹோட்டல்காரர்கள் மணலில் ஒரு சிறிய மேடையும் சில நாற்காலிகளும் போட்டுக் காட்டினார்கள். மேலாளர் மேடையேறி, கடலுக்கு முதுகு காட்டி, மைக் பிடிப்பதுபோல் கையை மடக்கினார். அவள் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தாள். அவ்வளவுதான், கண் கூசியது. நெற்றியில் கை வைத்து மறைத்துப் பார்த்தாள். மேடையில் கறுப்பாக ஓர் உருவம் நின்றது. மூக்கும் முழியும் ஒன்றும் தெரியவில்லை. எத்தனையோ இடங்களைப் பார்த்தவளுக்கு, சூரியன் எந்தப் பக்கம் இறங்கும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. கடல் அழகாக இருந்தது, அதில் மயங்கிவிட்டாள்.

"என்ன மேடம், நான் நல்லா இருக்கேனா?" என்று மேடையிலிருந்து குரல் வந்தது.

"நீங்க இருக்கீங்களான்னே தெரியல சார்" என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கீழே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் பார்த்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, மேடையைத் திருப்பிப் போட்டால் கடல் தெரியாது, அப்படியானால் அந்தப் பெரிய அரங்கம்தான், நாளைக்குக் காலையில் முடிவு சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தார்.

அறைக்குப் போனதும் அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணன் இரும்புக் கடைக்காரர். எப்போதோ ஒரு பைப் கம்பெனி அவரை வெளிநாடு அழைத்துப் போயிருக்கிறது. அழுது புலம்பத்தான் கூப்பிட்டாள். ஆனால் அண்ணன் வழக்கம்போல அந்தப் பயணக் கதையை ஆரம்பித்துவிட்டார். எந்த ஊர் அண்ணா அது என்று கேட்டாள். என்னமோ பெரிய பெரிய கட்டடம் இருந்துச்சு என்றார். என்ன சாப்பிட்டார், எங்கே தங்கினார், எதுவும் நினைவில்லை. ஆனால் கம்பெனி முதலாளியோடு மேடையில் எடுத்த போட்டோவைக் கல்லாவுக்கு மேலே, கடைக்குள் நுழைகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறார்.

"பில்லு போட வர்றவன் முதல்ல அதைத்தான் பாக்குறான் பாப்பா. அதுல என் மூஞ்சி தெரியுது. எங்களுக்கு வேற என்ன வேணும்?"

போனை வைத்த பிறகு அழுகை வரவில்லை. யோசனை வந்தது.

விடிந்ததும் ஜன்னல் திரையை விலக்கினாள். வானம் பளிச்சென்று இருந்தது. கடல் நடுவில் வெயில் மின்னியது. ஆனால் மணல் முழுக்க நிழல். மலை மறைத்துக்கொண்டு நின்றது. கீழே ஓடிப் போய், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஹோட்டல் ஊழியரிடம் இந்த நிழல் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டாள். காலைச் சாப்பாடு முடிகிறவரை வெயில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது என்றார் அவர். நாங்கள் கஷ்டமான வேலையெல்லாம் அதற்குள் முடித்துக்கொள்வோம் என்றும் சொன்னார்.

மேலாளர் கையில் காபியோடு வந்தபோது, ஒரு நிமிஷம் உட்காருங்க சார் என்று அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவளே மேடையில் ஏறி நின்றாள். இதுவரை எந்த ஊரிலும் மேடை ஏறியதில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"தெரியுதா சார்?"

"தெரியுது. பயந்துபோய் நிக்கறதுகூட தெரியுது."

விருதைக் காலையில், முதல் நாளே கொடுத்துவிடலாம் என்றாள். மேலாளர் தலையை ஆட்டினார். விருது என்றால் கடைசி நாள் இரவுதான், இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதுவரை ஓர் எதிர்பார்ப்பு இருக்க வேண்டாமா என்றார். சொன்னவர் பாதியில் நிறுத்தினார். கப்பைக் கீழே வைத்தார்.

"எதிர்பார்ப்பு என்ன எதிர்பார்ப்பு? ஜெயிச்சதாலதானே பிளேன்லயே ஏறுறான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவராகவே தொடர்ந்தார். முதல் நாளே விருது வாங்கிவிட்டால் மீதி நாளெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுற்றுவார்கள். போட்டோ மத்தியானத்துக்குள் சொந்தக்காரர்கள் போனுக்கெல்லாம் போய்விடும். போன வருஷம் கடைசி ராத்திரி விருது கொடுத்தபோது பாதிப் பேர் பெட்டி கட்டும் கவலையில் இருந்தார்கள் என்பதும் அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஆனால் அந்தப் பெரிய ஊரை அவரால் விட முடியவில்லை. திரும்பும் வழியில் அங்கே ஒரு நாள் இறக்கி, அந்தக் கட்டடங்களையும் காட்டிவிட வேண்டும் என்றார். அண்ணாந்து பார்க்க ஒரு நாள் போதும் சார் என்றாள். அவர் மறுபடியும் சிரித்தார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டு, இந்த ஊர்தான் என்று சொன்னார். அவளும் தன் முதலாளிக்குச் சொன்னாள். அவர், மேல்மாடியில் இன்னொரு மேசை போட இடம் இருக்குமா, தனியாக இத்தனையும் பார்ப்பாயா என்று கேட்டார். ஒரு நல்ல பெண்ணாகப் பார்த்துப் போடுங்கள், அவளுக்குத் திசை தெரிந்திருக்கட்டும் என்றாள் அவள்.

பேசிவிட்டுத் திரும்பினால் மேலாளர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் பின்கால்கள் மணலுக்குள் இறங்கியிருந்தன. அவர் எழ முடியாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தார். அவளும் ஊழியரும் ஆளுக்கொரு கை பிடித்து அவரைத் தூக்கிவிட்டார்கள். நாற்காலிக்கு அடியில் போடப் பலகை கிடைக்குமா என்று அவள் கேட்டதும், ஊழியர் கிடங்கைக் காட்டி முன்னால் நடந்தார். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள்.