எட்டாவது போர்ட்

நம்பினால் நம்புங்கள், கண்ணுகளா. இது என் அக்கா மகளுக்கு நடந்தது. ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில், மதியச் சாப்பாட்டு நேரத்தில்.

பல கணினிகளின் கம்பிகளை ஒன்று சேர்க்கும் ஸ்விட்ச் பெட்டி செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்கிற இயங்குதளம். சிப்பை ஆட்டிவைக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பேர். பழைய சிப் கிடைக்காமல் வேறு சிப் வாங்கிவிட்டார்கள். பழைய டிரைவரை அதற்கு ஏற்றபடி மாற்றும் பொறுப்பு இவள் தலையில். மூன்று மணிக்கு மேனேஜர் வருவார். பிசகில்லாமல் ஓடினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு.

பழைய சிப்புக்கு எட்டு போர்ட், அதாவது கம்பி சொருகும் எட்டு ஓட்டை. புதுசுக்கு ஐந்துதான். பெட்டி மட்டும் அதே பெட்டி. மிச்ச மூன்று ஓட்டைகளும் பேருக்கு. டிரைவரிலும் எட்டை ஐந்தாக்கிவிட்டாள்.

மணி இரண்டு பத்து.

‘டக்.’

கம்பியின் முனை ஓட்டையில் பூட்டிக்கொள்ளும் சத்தம். பக்கத்தில் யாருமில்லை. திரையில் ஒரு வரி... ‘போர்ட் எட்டு இணைந்தது.’

எதிர்மேசைக் கண்ணாடிக்காரர் மேல்தான் சந்தேகம் போயிற்று. இந்த வேலையை அவரும் கேட்டிருந்தார். சத்தம் கேட்டும் அவர் தலை நிமிரவில்லை. அதுவே இவளுக்கு உறுத்தியது.

“சார், விளையாடாதீங்க. எட்டாவது போர்ட்டை என்ன பண்ணி வெச்சீங்க?”

“ஏம்மா, எல்லாப் பழியையும் தூக்கி என் தலையில போடறே? அந்த ஓட்டைக்குப் பின்னாடி ஒண்ணுமே கிடையாது.”

திருப்புளியோடு எழுந்து வந்து மூடியைக் கழற்றினார். சிப்பிலிருந்து ஐந்து போர்ட்டுகளுக்குக் கோடுகள் ஓடின. எட்டுக்குப் பின்னால்... வெறும் பச்சைப் பலகை.

அப்போதும் அவளுக்கு மனசு ஆறவில்லை. அவர் சாப்பிடப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு, எட்டாவது போர்ட் வழியாக என்னதான் வருகிறது என்று பார்த்தாள்.

ஒரே கேள்வி. ‘எழுபத்தேழு யார்?’

ஒரு கணினி இன்னொன்றைத் தேடினால், அதன் எண்ணைச் சொல்லி இப்படித்தான் கேட்கும். அந்த எண்ணில் அங்கே எதுவுமே இல்லை.

எழுபத்தேழு யார்?

எழுபத்தேழு யார்?

திரை நிரம்பியது. படிக்கட்டில் மேனேஜரின் காலடிச் சத்தம்.

இது வாயை மூடினால் போதும்... தன் லேப்டாப்புக்கு அந்த எண்ணையே கொடுத்தாள்.

‘நான்தான்’ என்றது லேப்டாப்.

கேள்வி நின்றது.

வேலை நிரந்தரமாயிற்று.

ஒரு மாதம் கழித்து, கண்ணாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனவள் எழுபத்தேழைப் பற்றிச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

“உனக்கு முன்னாடி உன் நாற்காலியில இருந்தவரோட மெஷின் நம்பர் அது. பழைய டிரைவர் அவர் எழுதினதுதான். எட்டு போர்ட் பெட்டியில ஒன்பதாவது போர்ட் தன்னைத் தேடுதுன்னு சொல்லிட்டே இருப்பார். நாங்க சிரிச்சோம். ஒருநாள் மெஷினை அணைச்சுட்டு எழுந்து போனார். இன்னும் வீடு போய்ச் சேரலை.”

“முன்னாடியே ஏன் சார் சொல்லலை?”

“நீ என்னைத்தானேம்மா சந்தேகப்பட்டே. அது யாரைக் கேட்குதுன்னு என்கிட்ட சொல்லவே இல்லையே.”

அன்றே லேப்டாப்பின் எண்ணை மாற்றினாள். மறுவாரம் லேப்டாப்பையும் மாற்றினாள். புதுசு மெலிசானது, கண்ணுகளா. கம்பி சொருக அதில் ஓட்டையே கிடையாது.

ஆனாலும், வீட்டில் அதைத் திறந்து வைக்கும்போதெல்லாம்...

டக்.