மஞ்சள் காமாலை என்று சொன்னோம்

காலை ஐந்து நாற்பதுக்கு மகள் வாஷ்பேசின் முன்னால் நின்று இருமினாள். குழாயைத் திறந்துவிட்டும் ரத்தம் முழுதாகப் போகவில்லை. இன்றைக்கும் வீட்டில் யாராவது பல் தேய்க்கும்போது இருமினால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் முடிந்து, தாம்பரத்தில் நெஞ்சுநோய் வார்டில் அவளுக்குக் கட்டில் கொடுத்தார்கள். காசநோய். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும் என்றார் டாக்டர். நானும் மனைவியும் தலையாட்டினோம். எதுவும் மனதில் ஏறவில்லை. துணைக்கு யாரும் தங்கக் கூடாது என்று எங்களை அனுப்பிவிட்டார்கள்.

வரும் வழியில் ஆட்டோவிலேயே முடிவு செய்தோம். கேட்பவர்களிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லிவிடுவது. ஊரப்பாக்கத்திலிருக்கும் என் அக்கா அப்போது மகளுக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்தால் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும் என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காலனியில் ஒருவர் மாற்றி ஒருவர் கீழாநெல்லி கொண்டுவந்து கொடுத்தார்கள். எண்ணெய் ஆகாது, மோர் கொடுங்கள் என்றார்கள். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றோம்.

மகளிடமும் சொல்லிவைத்தேன். "யாராவது போன் பண்ணா காமாலைன்னே சொல்லிடும்மா."

மாஸ்க்குக்கு மேலே அவள் கண் மட்டும் தெரிந்தது. "சரிப்பா" என்றாள். போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை தங்காமல் வாந்தி. பிறகு மாத்திரையும் வேண்டாம் என்றாள். நர்ஸ் அதட்டிப் பார்த்தார். பக்கத்துக் கட்டில் அம்மா கெஞ்சினார். "துன்னு கண்ணு. கெழவி, நானே முழுங்கிகினு கீறேன்."

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"குணமாகி எங்கப்பா போறது? வெளியில சொல்லவே முடியாத உடம்பு."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இப்படி மாத்திரையை விட்டால் அப்புறம் எந்த மருந்துக்கும் நோய் கேட்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மின்சார ரயில்கள் போய்க்கொண்டே இருந்தன. எதிலாவது ஏறித் தூங்கிவிடலாம் போலிருந்தது. கடைசியில் அக்காவுக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொல்லத்தான் எடுத்தேன். "சாப்பிட மாட்டேங்கிறாக்கா" என்பதற்கு மேல் வாய் வரவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

மத்தியானம் அக்கா வந்தாள். முகத்தில் மாஸ்க், கையில் தூக்கு. என்னைத் தாண்டி நேரே மகளிடம் போனாள். ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சத்தம் கேட்டு மகள் திரும்பினாள்.

"ஏன்டி, காமாலைக்காரிக்கு இந்த வார்டுல கட்டில் குடுப்பாங்களா? இவ்வளவு படிச்சும் உங்கப்பனுக்கு ஒழுங்கா ஒரு பொய் சொல்ல வரல. மாப்பிள்ளை வீட்டுல நானே சொல்லிக்கிறேன், அது என் பாடு. முட்டைத் தொக்கு கொண்டாந்திருக்கேன். எழுந்து உக்காரு, ஆறிடும்."