சம்பந்தப்பட்ட பணியாளர்

முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்து மிட்வைஃபாக இருந்தவளுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியுமா? கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி, வாசலில் நின்று கேள்வி கேட்பதுதான் என் வேலை. எத்தனையாவது மாசம், கால் வீங்குதா, மாத்திரையை விழுங்குறியா இல்ல பீலித் தண்ணியில கொட்டுறியா, போன கிளினிக்குக்கு ஏன் வரல. கேட்காமல் வந்தால் அன்றைக்குச் சம்பளம் சும்மா வாங்கியதாகத் தோன்றும். சிலர் முறைப்பார்கள். முறைத்தாலும் பதில் வாங்காமல் படி இறங்க மாட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு, எல்லவிலிருந்து சற்றுத் தள்ளி, பண்டாரவளை போகும் பாதையில் நானும் கணவரும் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு வந்தோம். அவர் அதில் இரண்டு வருடம்தான் உயிரோடு இருந்தார். ஒரே மகள் துபாயில். அங்கே ஒரு கம்பெனியில், சாமான் உடைந்து வந்தது, சொன்ன நாளில் வரவில்லை என்று வாடிக்கையாளர்கள் இணையத்தில் போடும் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பாள். "பெத்தவகிட்ட ஒரு நாளாவது கேட்டிருப்பியாடி" என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

அவர் போன பிறகு வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. நேரடியாகவே சொல்கிறேன், தாங்க முடியவில்லை. கடைக்குப் போனால் பத்து வார்த்தை, பஸ்ஸில் நாலு வார்த்தை, அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் நானும் திருப்பி வணக்கம் சொல்ல ஆரம்பித்தேன். இதை மகளிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே ஒரு யோசனையோடு கோல் எடுத்தாள். "அம்மா, முன் ரூமை டூரிஸ்டுக்கு விடுவோம். ஆப்ல நான் போடுறேன், புக்கிங் எல்லாம் இங்க இருந்தே பார்த்துக்குறேன். காசுக்கு இல்லம்மா. உங்களுக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் வந்த மாதிரி இருக்கும்ல."

வந்தார்கள். எல்லவுக்கு வருகிற கூட்டத்தில் என் முன் அறைக்கும் ஆள் கிடைத்தது. என் இங்கிலீஷ் கிளினிக் இங்கிலீஷ். எத்தனை பிள்ளை, ஆணா பெண்ணா, நார்மலா சிசேரியனா என்பது வரைக்கும் தடங்கல் இல்லாமல் போகும். அதற்கு மேல் கையும் முகமும் போதும். ஒரு பிரெஞ்சுக்காரி நான் கேட்டதும் சட்டையைத் தூக்கித் தழும்பையே காட்டினாள். இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். போகும்போது கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள். அந்த ஆறேழு மாதம் நான் ரேடியோவைத் தொடவே இல்லை.

பிறகுதான் கொழும்பிலிருந்து அந்தத் தம்பதி வந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள். மூன்று நாள் தங்குகிறார்கள், அதுவும் நம் பாஷை பேசுகிறவர்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காலையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்துவிட்டு எதிர்க் கதிரையில் உட்கார்ந்தேன். கல்யாணமாகி எத்தனை வருடம் என்று கேட்டேன். ஆறு என்றாள்.

"விசேஷம் ஒண்ணும் இல்லையா?"

"இல்ல ஆன்டி."

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினேனா? யாரிடம் காட்டினீர்கள், அவருக்கும் சோதித்தார்களா, நாள் ஒழுங்காக வருகிறதா என்று கிளினிக் கார்டு நிரப்புகிற மாதிரி கேட்டுக்கொண்டே போனேன். அவள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தாள். புருஷன் மழை வருமா ஆன்டி என்று கேட்டான். அடுத்த இரண்டு நாளும் நான் அதே கதிரையில்தான் உட்கார்ந்தேன். அவர்கள் நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினார்கள், சிரித்தார்கள், போகும்போது தேங்க் யூ ஆன்டி என்றார்கள். நல்ல பிள்ளைகள் என்று மகளிடம் வாய் நிறையச் சொன்னேன்.

நாலு நாள் கழித்து ஆப்பில் அவர்களுடைய கருத்து வந்தது. இங்கிலீஷில்தான் எழுதியிருந்தாள். தமிழில் காட்டு என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினேன். வீடு கொடுக்கிறவரை அந்த ஆப் தமிழில் புரவலர் என்று சொல்லும். புலவர்களுக்குப் பொன்னும் யானையும் கொடுத்தவர்கள் இருந்த வரிசையில், ரொட்டி சுட்டுக் கொடுக்கிற என்னையும் உட்கார வைத்திருந்தது. எனக்கு எப்போதும் அதில் ஒரு சிரிப்பு. அன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் வாசிக்க ஆரம்பித்தேன்.

இடம் அழகானது. உணவு மிகச் சிறந்தது. ஆனால் புரவலர் எங்களைத் தனியாக விடவில்லை. நாங்கள் உண்ணும்போது எங்களுடன் அமர்ந்து மிகவும் தனிப்பட்ட கேள்விகளைக் கேட்டார். என் மனைவி இரண்டாம் நாள் அறையில் அழுதாள். புரவலர் தனிமையில் இருக்கும் ஒரு பெண் என்று நினைக்கிறோம், ஆனால் நாங்கள் ஓய்வுக்காக வந்தோம்.

மனைவி என்று இருந்ததால் எழுதியது அவள் இல்லை, அவன் என்று அப்போதுதான் புரிந்தது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. முதலில் கோபம்தான் வந்தது. கேட்டால் என்ன, எத்தனை பேருக்குக் கேட்டுக் கேட்டு வழி காட்டியிருக்கிறேன் என்று சமையலறையில் தனியாகச் சத்தம் போட்டேன். அப்புறம் பிய்த்து வைத்த ரொட்டி ஞாபகம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை அழுதிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. கர்ப்பிணியின் முகத்தைப் பார்த்தே இரத்தம் குறைவு என்று சொன்னவள் நான். அவர்கள் என்னவோ மூன்றே நாளில் என்னைச் சரியாகக் கண்டுபிடித்து, ஊர் உலகம் பார்க்க எழுதியும் விட்டார்கள். உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்து மறுபடி போனை எடுத்தால் கீழே பதில் வந்திருந்தது. மகள் போட்டிருக்கிறாள். அதையும் தமிழில் காட்டச் சொன்னேன்.

மதிப்பிற்குரிய விருந்தினரே, உங்கள் பெறுமதியான கருத்துக்கு நன்றி. உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு மனம் வருந்துகிறோம். சம்பந்தப்பட்ட பணியாளருக்கு உரிய அறிவுறுத்தல்கள் வழங்கப்பட்டுள்ளன. இவ்வாறு மீண்டும் நிகழாது என உறுதியளிக்கிறோம். இப்படிக்கு, நிர்வாகம்.

எனக்குத் தெரிந்த நிர்வாகம் தோட்ட நிர்வாகம்தான். அதனிடமே நான் இப்படிப் பெயர் வாங்கியதில்லை. உடனே கோல் எடுத்தேன்.

"யாருடி பணியாளர்?"

"அம்மா, அது ஃபார்மட்மா. எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் எழுதும். ஓனரே இப்படின்னு தெரிஞ்சா யாரும் புக் பண்ண மாட்டாங்க. ஸ்டாஃப்னு போட்டா, சரி, சொல்லித் திருத்திட்டாங்கன்னு நெனச்சுக்குவாங்க."

"எனக்கு அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்தை பேசணும். நம்பர் தா."

"பேசி?"

"தெரியாம கேட்டுட்டேன், மனசுல வச்சுக்காதம்மான்னு சொல்லணும்."

"ஐயோ வேணாம்மா. கருத்து எழுதின கெஸ்ட்டுக்கு கோல் எடுக்கவே கூடாது. இன்னொரு கம்ப்ளைன்ட் வந்தா ரூமையே ஆப்ல இருந்து தூக்கிருவாங்க. அதான் நான் சொரின்னு போட்டுட்டேன்ல."

"நீ போட்டது நிர்வாகத்தோட சொரி. என்னோடது இன்னும் சொல்லாம கெடக்கு."

அவளுக்குப் பின்னால் யாரோ அரபியில் பேசும் சத்தம் கேட்டது. பிறகு அலுவலகக் குரலிலேயே, இனிமேல் நான் என்ன பேசலாம் என்று சொல்லித் தந்தாள். குட் மோர்னிங். டீயா கோப்பியா. என்ஜோய். கேட்டால் மட்டும் பதில். சாப்பிடும்போது பக்கத்தில் போகக் கூடாது. நான் பெற்று வளர்த்துப் பேசப் பழக்கிய பிள்ளை எனக்கு மூன்று வார்த்தையை எண்ணிக் கொடுத்தாள். ஆனால் அவள் சொன்னதில் ஒன்று உண்மை. அறையைத் தூக்கிவிட்டால் அதற்கப்புறம் இந்த வீட்டுக்கு ஒரு ஈ காக்கா வராது. ஆள் வர வேண்டும் என்றால் நான் பேசக் கூடாது. பேச்சுக்காக ஆள் தேடப் போய் இந்த நிலைமை.

சரி என்றேன். அந்தக் கொழும்புப் பிள்ளை அழுததும் மனதை அறுத்துக்கொண்டிருந்ததால், எனக்கு இது வேண்டும்தான் என்றும் பட்டது.

அதிலிருந்து தட்டை மேசையில் வைத்துவிட்டு, கதவை இரண்டு தட்டுத் தட்டி, அவர்கள் வெளியே வருமுன் சமையலறைக்குள் போய்விடுவேன். உள்ளே இருந்து அவர்கள் பேசுவதைக் கேட்பேன். என்ன பாஷை என்றே தெரியாத பேச்சைக்கூடக் கேட்டிருக்கிறேன். ஒருவர் சொல்ல மற்றவர் சிரிக்கும்போது எனக்கும் சிரிப்பு வரும், எதற்கென்று தெரியாது. நட்சத்திரம் நாலானது, நாலரையானது. ஒவ்வொரு தடவையும் மகள் அதைப் படம் பிடித்து, கைதட்டும் பொம்மைகளோடு அனுப்புவாள். முன்பெல்லாம் கோல் எடுத்தால் என்ன சாப்பிட்டீங்க, கால் வலி எப்படி என்பாள். இப்போது வெள்ளை பெட்ஷீட் காய்ந்துவிட்டதா, அறைக்குச் சவர்க்காரம் வாங்கியாச்சா என்று ஆரம்பிப்பாள்.

போன ஆடிக் காற்று வீசும்போது ஒரு வெள்ளைக்காரி தனியாக வந்தாள். என் வயதுதான் இருக்கும், கூட ஒன்றிரண்டு இருந்தாலும் இருக்கும். நாலு நாள். ரயில் பார்க்க, மலை ஏற என்று மற்றவர்கள் மாதிரி அவள் எங்கும் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தேயிலை மலையைப் பார்ப்பாள். விரலில் மோதிரம் இருந்தது. கூட வர வேண்டியவர் எங்கே என்று கேட்க என் நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

இரண்டாம் நாள் விடியற்காலையில் இருமல் சத்தம் கேட்டது. நெஞ்சுச் சளி என்று சத்தத்திலேயே தெரிந்தது. கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப் போட்டு அவித்து, கோப்பையில் ஊற்றி, மேலே ஒரு சாசரைக் கவிழ்த்து வாசலில் வைத்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்று மூன்று வேளை வைத்தேன். மறுநாளும் மூன்று வேளை. ஒவ்வொரு தடவையும் கோப்பை காலியாக வெளியே வந்தது. சமையலறையில் நின்று இருமலை எண்ணுவேன். குறைந்துகொண்டு வந்தது. முப்பது வருட வேலையில் ஒரு நோயாளியை வாய் திறக்காமல் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒரு தடவை அவள் சமையலறைக் கதவு வரைக்கும் வந்தாள். கையில் காலிக் கோப்பை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் பயந்துபோய், என்ஜோய் என்று சொல்லி, கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பி நின்று கழுவத் தொடங்கிவிட்டேன். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு செருப்புச் சத்தம் அறைப் பக்கம் போனது.

அவள் போன மூன்றாம் நாள், மத்தியானம், மகளிடமிருந்து படம் வந்தது. கைதட்டும் பொம்மைகள் இந்த முறை இரண்டு வரிசை. ஐந்து நட்சத்திரம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆப்பைத் திறந்து தமிழில் வாசித்தேன்.

மிகவும் அமைதியான இடம். என் கணவர் இறந்த பிறகு நான் செய்த முதல் பயணம் இது. எனக்கு உடல்நிலை சரியில்லாதபோது கதவின் அருகே ஒவ்வொரு முறையும் ஒரு சூடான மூலிகைப் பானம் இருந்தது. பணியாளர்கள் மிகவும் கூச்ச சுபாவம் உள்ளவர்கள், நான் அவர்களைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை. நான்கு நாட்களும் வீட்டில் யாரும் இல்லாதது போலவே இருந்தது.

கீழே பதிலும் இருந்தது. உங்கள் அன்பான வார்த்தைகளுக்கு நன்றி. விருந்தினர்களின் அமைதியே எங்கள் முதன்மை நோக்கம். எங்கள் பணியாளர்களுக்கு உங்கள் பாராட்டைத் தெரிவிப்போம்.

போன் அடித்தது. மகள்தான்.

"பார்த்தீங்களாம்மா? சூப்பர் ரிவியூ."

"பார்த்தேன்."

"இதே மாதிரி இன்னும் நாலஞ்சு வந்தா நம்ம வீட்டை முதல் பக்கத்துல காட்டுவாங்க. ஏம்மா, சந்தோஷமா இல்லையா?"

"அதுக்குக் கீழ நான் ஒரு வரி எழுதலாமா?"

"நான் ரிப்ளை போட்டுட்டேனேம்மா. ஒரு தடவைதான் போட முடியும். என்ன எழுதணும்?"

"நான் வீட்டுலதான் இருந்தேன்னு."

"அம்மா, அவங்க நல்லதாத்தான் சொல்லியிருக்காங்க. அது நமக்குப் பாராட்டு."

"தெரியும் புள்ள," என்றேன். "ஆனா நாலு நாளும் நான் இருந்தேன்ல."

அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டது. எதற்கும் பதில் தயாராக வைத்திருக்கிற என் மகள் அன்றைக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் அப்படியே இருந்தாள். நானும் போனை வைக்கவில்லை.